வாசகர் கேள்வி பதில்: ஏங்கும் உள்ளமும் ஜெபமும்

இம்முறை வந்த கடிதங்களுள் மூன்று ஒரே விடயத்தைத் தொட்டு நிற்கின்றன. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் மூவரும் திருகோணமலைப் பகுதியில் வசிப்பவர்கள். ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்மூன்றுக்கும் மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: போதகர் ஐயா, என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நான் நகரிலுள்ள ஓர் அரச அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இரண்டு பிள்ளைகள். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். மாதர் சங்கத்திலும் இருக்கிறேன். பெரிய குறை என்று சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் சில காலமாக உள்ளே ஒரு வெறுமை. ஆண்டவர் எனக்கு வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. ஜெபிக்க முழங்காற்படியிட்டால், கணவரின் வேலை, மகளின் புலமைப்பரிசில் பரீட்சை, வீட்டுக்கடன் என்று ஒரு பட்டியலைச் சொல்லி முடிக்கிறேன். அதற்குமேல் வார்த்தை வருவதில்லை. எழும்பும்போது ஏக்கம் இருந்தபடியே இருக்கிறது. இது விசுவாசக் குறைவு என்கிறார் ஒரு சகோதரி. உபவாசமிருந்தால் தீரும் என்கிறார் இன்னொருவர். இந்த ஏக்கம் தீர நான் எப்படி ஜெபிக்க வேண்டும்? (ஒரு வாசகி, உப்புவெளி)

பதில்: சகோதரி, உங்கள் ஏக்கத்தை விசுவாசக் குறைவு என்று சொன்னவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. விசுவாசம் வற்றிப்போனவர் கடவுளைக் காணவில்லையே என்று தவிப்பதில்லை. அவரைத் தேடாமலே நாட்களைக் கழிக்க அவரால் முடிகிறது. உங்களால் அது முடியவில்லை. உபவாசம் நல்லதுதான், தகுந்த வேளையில் அதைக் கைக்கொள்ளுங்கள். ஆனால் ஏக்கத்தை ஒரு நோயாகவும் உபவாசத்தை அதற்கான மருந்தாகவும் எண்ணிக்கொண்டு அதைத் தொடங்காதீர்கள்.

நாற்பத்திரண்டாம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல, தேவனே, என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது' என்ற முதல் வசனத்தை நாம் சிறுவயதில் ஓய்வுநாட் பாடசாலையிலேயே மனனம் செய்துவிடுகிறோம். அதனாலேயே அதை ஓர் இனிமையான வசனமாக நினைத்துக்கொண்டு கடந்து போய்விடுகிறோம். அதைப் பாடியவர் இனிமையான நிலையில் இருக்கவில்லை. அவர் எருசலேம் ஆலயத்துக்கு வெகுதூரத்தில், யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைப் பக்கத்திலும் இருக்கிறார்; ஒரு காலத்தில் பண்டிகை கொண்டாடும் கூட்டத்தோடு தாம் தேவாலயத்துக்குப் போனதை நினைத்து உள்ளம் கரைகிறார்; 'உன் தேவன் எங்கே' என்று சுற்றியுள்ளவர்கள் நாள்தோறும் கேட்க, கண்ணீரே அவருக்கு உணவாகிறது. ஏழாம் வசனத்திலோ, 'உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டு போகிறது' என்கிறார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இக்கரையில் இருந்தவர்கள் எவரும் அந்த வசனத்தை இலேசாக வாசித்துவிட முடியாது.

இவ்வளவு தவிப்பிலும் அவர் செய்கிற ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அவர் தம்முடைய தாகத்தைக் கடவுளிடமே சொல்கிறார். 'தேவனே, உம்மை' என்றுதான் பாட்டு தொடங்குகிறது. கடவுள் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது என்ற முறைப்பாட்டையும் அந்தக் கடவுளின் முகத்துக்கு நேராகவே வைக்கிறார். நடுவில் தம் ஆத்துமாவோடு பேசுகிறார், 'நீ ஏன் கலங்குகிறாய்' என்று அதைக் கேட்கிறார். உடனே மறுபடியும் கடவுளிடம் திரும்பிவிடுகிறார். அடுத்து வரும் நாற்பத்து மூன்றாம் சங்கீதத்தையும் சேர்த்து வாசித்தால் அந்தக் கேள்வி மூன்று தடவை வருவதைக் காண்பீர்கள். முதல் தடவை கேட்டதோடு கலக்கம் நீங்கிவிடவில்லை. இரண்டாம் தடவையும் நீங்கவில்லை. அதற்காக அவர் பேச்சை நிறுத்தவுமில்லை.

உங்கள் ஜெபத்தில் விடுபட்டுப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் முழங்காற்படியிடும்போது கணவரின் வேலையையும் மகளின் பரீட்சையையும் கடனையும் ஆண்டவரிடம் கொண்டுபோகிறீர்கள். உங்களை அவ்வளவு வாட்டுகிற அந்த ஏக்கத்தையோ ஜெபத்துக்கு வெளியே, தீர்க்கப்பட வேண்டிய ஒரு பிரச்சினையாக வைத்துவிடுகிறீர்கள். அதை அந்தச் சகோதரிகளிடம் சொன்னீர்கள், எனக்கும் எழுதினீர்கள். அவரிடம் சொன்னீர்களா என்பது கடிதத்தில் இல்லை. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் பிரதி கையிலிருந்தால் அதை எடுத்து, 'போதகர் ஐயா' என்று எழுதிய இடத்தில் 'ஆண்டவரே' என்று வைத்து ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். 'ஆண்டவரே, என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். உள்ளே ஒரு வெறுமை. நீர் எனக்கு வேண்டும்.' நீங்கள் தேடுகிற ஜெபம் அதுவே. அதைவிடச் சிறந்த வார்த்தைகளை என்னால் எழுதித்தர இயலாது.

பட்டியல் சொல்லி ஜெபிப்பது தாழ்ந்த ஜெபம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கும்படி கற்பித்தவர் ஆண்டவரே. கணவர் கடல்கடந்து உழைக்க, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாய் கடனைப் பற்றிக் கடவுளிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவாள்? ஆனால் லூக்கா பதினோராம் அதிகாரத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். சீஷரில் ஒருவர் ஜெபம்பண்ணக் கற்பிக்கும்படி கேட்கிறார். ஆண்டவர் பரமண்டல ஜெபத்தைக் கொடுக்கிறார். பின்பு நடுராத்திரியில் சிநேகிதனுக்காக மூன்று அப்பம் கடன் கேட்டு வந்தவனைப் பற்றிச் சொல்கிறார். கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள் என்கிறார். இதே போதனையை மத்தேயு ஏழாம் அதிகாரம் முடிக்கும்போது, பரமபிதா தம்மிடம் வேண்டிக்கொள்ளுகிறவர்களுக்கு நன்மையானவைகளைக் கொடுப்பார் என்று முடிக்கிறது. லூக்காவோ, பரிசுத்த ஆவியைக் கொடுப்பார் என்று முடிக்கிறார். அப்பத்தில் தொடங்கிய பேச்சு, கொடுப்பவர் தம்மையே கொடுப்பதில் வந்து நிற்கிறது. உங்கள் பட்டியலை அந்த இடம்வரை கொண்டுபோங்கள். வீட்டுக்கடனைச் சொன்ன அதே மூச்சில், 'நீரும் எனக்கு வேண்டும்' என்று சொல்வதற்கு எந்தத் தடையுமில்லை.

ஏக்கம் தீர எப்படி ஜெபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அது தீர்ந்துவிடும் என்று நான் வாக்களிக்கப் போவதில்லை. உண்மையாக ஜெபிக்கிறவர்களிடம் அது பெரும்பாலும் கூடவே செய்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமாபுரியிலிருந்து ஆபிரிக்காவுக்கு வந்து சேர்ந்திருந்த புரோபா என்ற விதவை, ஹிப்போவின் ஆயராகிய அகுஸ்தீனிடம் ஏறக்குறைய உங்களைப் போலவே ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். நாம் கேட்கும் முன்பே நமது தேவைகளை அறிந்திருக்கிற கடவுள் ஏன் நம்மைக் கேட்கச் சொல்கிறார் என்ற கேள்விக்கு அகுஸ்தீன் எழுதிய பதிலின் சாரம் இது: நாம் சொல்லி அவர் தெரிந்துகொள்வதற்காக அல்ல, ஜெபத்தினால் நமது வாஞ்சை பயிற்றுவிக்கப்பட்டு, அவர் தர ஆயத்தம் பண்ணுகிறதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நாம் விரிவடைய வேண்டும் என்பதற்காக. அவர் தரவிருப்பது மிகப் பெரியது. அதை வாங்கும் நமது உள்ளமோ சிறியது, ஒடுங்கியது. இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில், முழங்காலிலிருந்து எழும்பும்போது ஏக்கம் அப்படியே இருந்ததாக நீங்கள் எழுதியதை, ஜெபம் தோற்றுப்போனதற்கு அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று அது காட்டுகிறது. ஏக்கம் இருந்ததே, ஜெபம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததால் இருக்கலாம்.

உணர்ச்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெதடிஸ்த குடும்பங்களில் பிறந்தவர்கள் 1738 மே 24ஆம் திகதி இரவு இலண்டனில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த ஜோன் வெஸ்லியின் இதயம் அனல்கொண்ட வரலாற்றைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அப்போது அவர் பத்தாண்டுகளாக அபிஷேகம் பெற்ற குருவானவராக இருந்தவர். ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமருக்கு எழுதின நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதிய முகவுரை வாசிக்கப்பட்டபோது அது நடந்தது. நமது பிரசங்கங்கள் வழக்கமாக அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. வெஸ்லியின் நாட்குறிப்போ நிற்பதில்லை. இது விசுவாசமாக இருக்க முடியாது, உன் மகிழ்ச்சி எங்கே என்ற எண்ணம் சற்று நேரத்திலேயே தம்மைத் தாக்கியதாகவும், அன்றிரவு வீடு திரும்பிய பின் சோதனைகள் தம்மை மிகவும் அலைக்கழித்ததாகவும், தாம் கூப்பிட்டபோது அவை விலகியதாகவும், பின்பு திரும்பத் திரும்ப வந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பின்பகுதியையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லாமல் விடுவதால்தான் எத்தனையோ நல்ல விசுவாசிகள், ஜெபத்தில் ஒருநாள் மனம் அனல்கொள்ளவில்லை என்றவுடன் தங்களைத் தாங்களே குற்றவாளிகளாக்கிக்கொள்கிறார்கள்.

இனி நடைமுறை. உங்கள் காலைப்பொழுது எப்படியிருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பிள்ளைகளை எழுப்பி, சாப்பாடு கட்டி, பாடசாலை வானில் ஏற்றிவிட்டு, நீங்களும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு மணிநேரம் தியானம் செய்யும்படி சொல்வது அன்பில்லாத ஆலோசனை. எங்கள் சபையில், இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாயார் இருக்கிறார். விடிவதற்கு முன், மாவை உரலில் நிரப்பித் தட்டில் பிழியும்போது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவருடைய பெயரைச் சொல்லிப் பிழிவார். முதல் தட்டில் மட்டும் யாருடைய பெயரையும் சொல்வதில்லை. அது ஏன் என்று ஒருமுறை கேட்டேன். 'அது ஆண்டவருக்கும் எனக்கும், ஐயா. அதிலே நான் ஒண்டும் கேக்கிறதில்லை' என்றார். நீங்களும் பட்டியலுக்கு முன்னால் அப்படி ஒரு சிறு நேரத்தை, கேட்பதற்கென்று எதுவும் வைக்காமல், அவருக்கென்று விட்டுவையுங்கள். ஐந்து நிமிடம் போதும். சங்கீதம் 42இன் முதல் இரண்டு வசனங்களை மெதுவாகச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். மனம் பரீட்சையையும் பேருந்தையும் தேடி ஓடும். ஓடினால் கோபப்படாமல் மறுபடி அந்த வசனத்துக்கு வாருங்கள். கைத்தொலைபேசி மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு காரியம். நித்திரையும் பசியும் குறைந்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதிலும் மகிழ்ச்சியில்லாத அளவுக்கு அந்த வெறுமை வளர்ந்தால், தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவது விசுவாசத்துக்கு விரோதமானதன்று. மனச்சோர்வும் ஆவிக்குரிய ஏக்கமும் ஒருவரில் ஒரே காலத்தில் இருக்கலாம். இரண்டுக்கும் உரியதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: நான் கத்தோலிக்கன், கடற்றொழில் செய்கிறேன். இரவில் வலையை விட்டுவிட்டுப் படகில் காத்திருக்கும்போது செபமாலை சொல்வேன். அந்த நேரத்தில்தான் கடவுள் அருகில் இருப்பதுபோல் இருக்கும். வேறு சபைக்குப் போகும் என் நண்பன், ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்வது வீண்வார்த்தை என்று வேதத்தில் இருப்பதாகச் சொல்கிறான். அதற்குப் பின் சொல்லத் தொடங்கினாலே மனம் தடுமாறுகிறது. (ஒரு வாசகர், திருகோணமலை)

பதில்: தம்பி, உங்கள் நண்பர் குறிப்பிடுவது மத்தேயு ஆறாம் அதிகாரம் ஏழாம் வசனம். அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்கிறவர்களைப்போல வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று ஆண்டவர் அங்கே சொல்கிறார். சொற்களின் எண்ணிக்கையால் கடவுளை இணங்க வைக்கலாம் என்ற எண்ணத்தையே அவர் கண்டிக்கிறார். அதே நற்செய்தியின் இருபத்தாறாம் அதிகாரத்தில், கெத்செமனேயில் அவரே மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார் என்று எழுதியிருக்கிறது. நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தின் இருபத்தாறு வசனங்களிலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்ற ஒரே வாக்கியம் வருகிறது. எரிகோ வழியில் இருந்த பர்திமேயு 'எனக்கு இரங்கும்' என்று கூப்பிட்டான்; பலர் அதட்டியபோது அதையே முன்னிலும் அதிகமாய்க் கூப்பிட்டான். இயேசு நின்று அவனை அழைத்துவரச் சொன்னார்.

நான் செபமாலை சொல்லும் மரபில் வளர்ந்தவனல்லன். மரியாளிடம் பரிந்துரை வேண்டுவதைப் பற்றி உங்கள் சபைக்கும் எங்கள் சபைக்கும் கருத்து வேறுபாடு உண்டு; அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது வேறு. நாள் முழுவதும் உழைத்த உடம்போடு, இருட்டில், கண்ணயர்ந்துவிடக் கூடாத ஒரு வேளையில், புதுப்புது வார்த்தைகளைத் தேடிப்பிடித்து ஜெபிக்க எல்லாராலும் முடியாது. பழகிய வார்த்தைகள் வாயிலிருக்க, மனம் ஆண்டவருடைய பிறப்பையும் பாடுகளையும் உயிர்ப்பையும் நினைக்க, உள்ளம் அவரை நாடுமானால், அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்பரோடு வாதாட வேண்டாம். முடிந்தால் ஒருநாள் அவரையும் படகில் அழைத்துப்போங்கள்.

கேள்வி: போர்க்காலத்தில் என் மகன் காணாமற்போனான். அவன் திரும்பி வர வேண்டுமென்று எத்தனையோ வருடம் ஜெபித்தேன். இப்போது அவனுக்காகக் கேட்கவும் வார்த்தையில்லை. கோயிலுக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருகிறேன். மகனைக் கேட்டுக்கேட்டு, இப்போது ஆண்டவரே, நீர் எங்கே என்பதுதான் மனதில் இருக்கிறது. பாட்டுப் பாடும்போது வாய் அசையும், சத்தம் வராது. நான் ஆண்டவரைவிட்டு விலகிவிட்டேனா? (ஒரு தாய், மூதூர்)

பதில்: அம்மா, நீங்கள் விலகவில்லை. விலகியவர் கோயிலில் வந்து இருப்பதில்லை. இருந்தாலும் 'நீர் எங்கே' என்று அவரைக் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவர்கள், பிள்ளை வேண்டி அழுது ஜெபித்த அன்னாளின் கதையைச் சொல்வது வழக்கம். அவளுக்குச் சாமுவேல் கிடைத்தான். உங்களிடம் அந்தக் கதையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பெத்லகேமில் ஏரோது பிள்ளைகளைக் கொன்றதைச் சொல்லும் மத்தேயு, எரேமியாவின் வார்த்தையை எடுத்து, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள் என்று எழுதுகிறார். அந்த இடத்தில் அவளைத் தேற்றும் ஒரு வார்த்தையையும் அவர் சேர்க்கவில்லை. ஆறுதலடையாத தாய்க்குச் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே இடமிருக்கிறது. அவளை யாரும் கண்டிக்கவில்லை.

எண்பத்தெட்டாம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. 'இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்' என்று அது தொடங்குகிறது. 'ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்' என்று நடுவில் கேட்கிறது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்களைப்போல நம்பிக்கையில் முடியாமல், இருளிலேயே முடிகிறது. அதற்குப் பின்னும் அதை வேதத்தில் வைத்துக்கொண்டார்கள், ஆலயத்தில் பாடினார்கள். நீங்கள் கோயிலில் இருந்து மனதுக்குள் கேட்கும் கேள்வியைச் சிலுவையில் ஆண்டவரும் கேட்டார்: 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்.' அதையும் ஒரு சங்கீதத்திலிருந்தே எடுத்துச் சொன்னார். ஆகவே உங்களுடைய அந்தக் கேள்வியை ஜெபத்துக்கு முந்திய தடையாக நினைக்காதீர்கள். உங்களால் இப்போது செய்யக்கூடிய ஜெபம் அது. சத்தம் வராததைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதியதும் உண்டு. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும்போது, ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார். அந்த அதிகாரத்தில் முதலில் சிருஷ்டி தவிக்கிறது, பிறகு நாம் தவிக்கிறோம், அதன் பிறகு ஆவியானவரும் நம்மோடு பெருமூச்செறிகிறார். உங்கள் மௌனத்தில் நீங்கள் தனியாக இல்லை.

மகனுக்காகத் தொடர்ந்து கேட்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் யாராவது உங்களிடம் 'இனி விட்டுவிடுங்கள்' என்று சொன்னால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை உங்களுக்கில்லை. அவனுடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாக இருப்பதும் போதுமானது.

இனி எழுதுவது உங்கள் சபையாருக்கு. இந்தப் பக்கத்தை உங்கள் போதகரிடம் காட்டுங்கள். பாட முடியாத ஒருவருக்காகப் பாடுவதும், ஜெபிக்க முடியாத ஒருவருக்காக ஜெபிப்பதும் சபையின் வேலை. இந்தத் தாயாரோடு இரண்டு பெண்கள் வாரத்தில் ஒருநாள் கோயிலில் வந்து இருக்கட்டும். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை அவருக்காக வாசிக்கட்டும். வாசித்து முடிந்ததும் ஆறுதல் வசனம் தேடிப் பக்கத்தைத் திருப்பாமல், அவர் எழும்பும்வரை அவரோடு இருந்துவிட்டு, பிறகு அவரை வீடுவரை கொண்டுபோய் விடட்டும்.